டச்ஸ்கிரீனில் கேம்: வெறும் விரலா, கன்ட்ரோலரா, தனிக் கருவியா?

போனில் கேம் ஆடுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பத்தில் வந்து நிற்கிறார்கள். போன் எப்போதும் கையில் இருக்கிறது, கேமும் பிடித்திருக்கிறது, ஆனால் விரல் சொன்னதைத் திரை கேட்பதில்லை. சுட வேண்டிய நேரத்தில் ஆள் குதிக்கிறான், குதிக்க வேண்டிய நேரத்தில் அசையாமல் நிற்கிறான். இப்படியே தொடர்வதா, எதையாவது வாங்கித் தொலைப்பதா?

வழிகள் நான்கு. இருக்கிற போனிலேயே விரலால் ஆடுவது. போனில் மாட்டுகிற கன்ட்ரோலர் வாங்குவது. ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரி கேமுக்கென்றே செய்த கையடக்கக் கருவிக்குப் போவது. வேறெங்கோ ஓடுகிற கேமை இணையம் வழியாகப் போன் திரையில் ஆடுவது. நான்கையும் புழங்கிப் பார்த்ததில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு: பெரும்பாலானவர்கள் கருவியை மாற்றும் முன் கேமை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கான காரணம் திரையின் தன்மையிலேயே இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

விரலுக்கு என்ன கிடைக்கிறது. இதுதான் முதல் அளவுகோல், மற்றவை எல்லாம் இதற்குப் பின்னால்தான். ஒரு கன்ட்ரோலர் பட்டனுக்கு மூன்று நிலைகள்: விரல் அதன்மேல் இல்லை, விரல் சும்மா வைத்திருக்கிறது, விரல் அழுத்துகிறது. கண்ணாடிக்கு இரண்டே நிலைகள். படவில்லை, பட்டுவிட்டது. பட்டாலே அழுத்தியதாகக் கணக்கு. அதனால் டச்ஸ்கிரீனில் விரலை எங்கேயும் ஓய்வாக வைக்க முடியாது. காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூக்கிப் பிடித்த விரலுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் கண் எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். போன் கேமின் எரிச்சல்களில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறப்பவை.

கண்ணுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது. போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் இரண்டு கட்டைவிரல்களும் திரையின் கீழ்மூலைகளை மறைத்துவிடும். அவற்றின் மேலேயே பட்டன் படங்களும் வரும். ஆறு அங்குலத் திரை வாங்கி, நடுப்பகுதியை மட்டும் பார்த்து ஆடுகிறோம்.

எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கலாம், எவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாம். ஐந்து நிமிடம் காத்திருக்கும் இடத்தில் ஆடுவதும், இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆடுவதும் ஒன்றல்ல.

சூடும் பேட்டரியும். போன் தீர்ந்தால் கேம் மட்டும் நிற்பதில்லை. அழைப்பு, வழிகாட்டி, பணம் செலுத்துவது எல்லாமே நிற்கும்.

பணம். வாங்கும்போது கொடுப்பது ஒன்று, பிறகு சொட்டுச் சொட்டாகப் போவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கியது எத்தனை வருடம் நிற்கும். பலரும் இதை யோசிப்பதே இல்லை. போன் கேம்களில் இது பெரிய ஓட்டை, கீழே சொல்கிறேன்.

இவற்றோடு, அளவுகோல் என்று சொல்ல முடியாத ஒன்றும் உண்டு: உங்கள் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள்? கூட்டாளிகள் எல்லாரும் பப்ஜி மொபைலில் இருக்கும்போது நீங்கள் மட்டும் தனிக் கருவி வாங்கினால், கருவி எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஆடத் துணை இருக்காது. அந்த நிலையில் மற்ற கணக்குகளுக்கு அவசியமே இல்லை.

## வழி 1: வெறும் விரல்

டச்ஸ்கிரீனைக் குறை சொல்லும் முன் அது எதைக் கொடுத்தது என்று பார்த்துவிடலாம். 2010-இல் வந்த ஃப்ரூட் நிஞ்ஜாவில் பழத்தை வெட்ட விரலை இழுத்தால் போதும். அந்த இழுப்புக்கு எந்தப் பட்டனும் ஈடாகாது. 2014-இல் வந்த மான்யுமென்ட் வேலியில் ஒரு கோபுரத்தின் பகுதியை விரலால் பிடித்துத் திருப்புகிறீர்கள். அதே கேமைக் கன்ட்ரோலரில் ஆடினால் பாதி சுகம் போய்விடும். த்ரீஸ், மினி மெட்ரோ, சீட்டு ஆட்ட வகையில் ஸ்லே தி ஸ்பயர், பலாட்ரோ எல்லாமே விரலுக்கு இயல்பாக வருபவை. கடைசி இரண்டும் கணினியில் பிறந்தவைதான். ஆனால் சீட்டை எடுத்து வைப்பது விரலின் வேலை என்பதால் போனில் இன்னும் நன்றாகவே பொருந்திக்கொண்டன.

இவற்றுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று. விரல் திரையில் இருக்கும் பொருளையே தொடுகிறது, பட்டனின் படத்தைத் தொடுவதில்லை. தொட வேண்டிய இடத்தைக் கண் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பதால் விரல் தடுமாறுவதில்லை. இன்னொரு வகையும் உண்டு: முழுத் திரையையும் ஒரே பட்டனாக்கும் கேம்கள். ஆல்டோஸ் அட்வென்ச்சரில் எங்கே தட்டினாலும் குதிக்கும், அழுத்திப் பிடித்தால் காற்றில் குட்டிக்கரணம். நின்டெண்டோ 2016-இல் மரியோவைப் போனுக்குக் கொண்டுவந்தபோது திரையில் பட்டன் வரையவில்லை; மரியோவைத் தானாக ஓடவிட்டு, குதிப்பதை மட்டும் நம்மிடம் கொடுத்தது. பட்டன் வைத்தே பெயர் வாங்கிய நிறுவனம் எடுத்த முடிவு அது. பொருத்தமான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இனி எரிச்சல். கன்ட்ரோலருக்காக உருவான கேம் வகையைப் போனுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியில் பட்டன் படங்களை ஒட்டிவிட்டால் என்ன ஆகிறது? துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கட்டைவிரல் ஜாய்ஸ்டிக் படத்தின்மேல் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும்போது விரல் தன்னையறியாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்கிறது. நிஜ ஜாய்ஸ்டிக் என்றால் விளிம்பு தடுத்து நிறுத்தும், இங்கே விளிம்பே கிடையாது. சட்டென்று திசை மாற்ற விரலைக் கீழே இழுக்கிறீர்கள். நீங்கள் நினைக்கும் நடுப்புள்ளிக்கும் கேம் நினைக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். பின்வாங்க வேண்டிய ஆள் முன்னாலேயே போய் நிற்கிறான். அதே நேரம் வலது கட்டைவிரல் இரண்டு வேலை செய்கிறது: குறிபார்ப்பதும் அது, சுடுவதும் அது. சுட விரலை எடுத்தால் குறி போச்சு. இதில் விரல் வியர்த்துவிட்டால் வழுக்கலும் சேர்ந்துகொள்ளும். திரையில் ஒரு சொட்டு ஈரம் விழுந்தால் அது தொடுதலையே தப்பாகப் படிக்கும்.

செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, பலர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. செட்டிங்ஸில் பட்டன்களின் இடத்தையும் அளவையும் மாற்றலாம். முதலில் சுடும் பட்டனைப் பெரிதாக்குங்கள். விரல் வைத்த இடத்திலேயே ஜாய்ஸ்டிக் தோன்றும்படி வைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள், நகர்ந்துபோகும் பிரச்சினை பாதியாகக் குறையும். எல்லாவற்றையும்விட ஜைரோ. போனையே லேசாகச் சாய்த்துக் குறிபார்ப்பது முதல் சில நாட்கள் தலைசுற்ற வைக்கும், பழகிவிட்டால் நுணுக்கமான குறிக்கு விரலைவிடப் பல மடங்கு மேல். குறிபார்க்கும் வேலை மணிக்கட்டுக்குப் போவதால் கட்டைவிரல் சுடுவதோடு நின்றுகொள்ளலாம். ஆள்காட்டி விரல்களை வளைத்துத் திரையின் மேல்பக்கம் வைத்து நான்கு விரலால் ஆடும் பிடியும் பரவலாக இருக்கிறது. உண்மையிலேயே பலன் தரும். ஆனால் அந்தப் பிடியில் நீண்ட நேரம் இருந்தால் விரல் மூட்டும் மணிக்கட்டும் வலிக்கும். வலி வந்த பிறகும் தொடராதீர்கள்.

தொடுதிரை வேகம் 240, 480 ஹெர்ட்ஸ் என்று விளம்பரங்களில் வருவது, விரல் எங்கே இருக்கிறது என்று ஒரு நொடிக்கு எத்தனை முறை திரை பார்க்கிறது என்பதைக் குறிக்கும். 240 என்றால் நான்கு மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. நொடிக்கு 60 ஃபிரேமில், அதாவது 60 படங்களாக, ஓடும் கேமில் ஒரு ஃபிரேமே 16.7 மில்லிசெகண்ட். ஆக, அதற்கு மேல் எண்ணைத் துரத்திப் புதுப் போன் வாங்குவது வீண் என்பது என் எண்ணம். தடித்த டெம்பர்டு கிளாஸைக் கழற்றுவதும் விரல் நுனியில் மாட்டும் மெல்லிய உறையும் கையில் உடனே தெரியும் மாற்றங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்? முதலாவது சொட்டுச் செலவு. இலவச கேம்களில் காத்திருப்பு நேரம், விளம்பரம், எது வரும் என்று தெரியாத பரிசுப் பெட்டி மூன்றும் சேர்ந்து உங்கள் பொறுமைக்கு விலை வைக்கின்றன. ஒரு வருடத்தில் அப்படிப் போன பணத்தைக் கூட்டிப் பார்த்தால் முழு விலை கொடுத்து வாங்கும் நல்ல கேம்கள் பல கிடைத்திருக்கும். ஒரே முறை பணம் கட்டி வாங்கும் கேம்கள் போனிலும் இருக்கின்றன. ஸ்டார்டியூ வேலி, டெட் செல்ஸ் போன்றவை மற்ற கருவிகளைவிடப் போனில் மலிவாகவே வருகின்றன.

இரண்டாவது, நிலைக்காத தன்மை. 2017-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது, பழைய 32-பிட் முறையில் செய்த செயலிகள் எல்லாம் ஒரேயடியாக ஓடாமல் போயின. செய்தவர்கள் புதுப்பிக்காத கேம்கள், காசு கொடுத்து வாங்கியவை உட்பட, அப்படியே நின்றுவிட்டன. ஒரு காலத்தில் ஐபோனின் திறமையைக் காட்ட மேடையேற்றப்பட்ட இன்ஃபினிட்டி பிளேடு வரிசை 2018-இல் கடையிலிருந்தே எடுக்கப்பட்டது. விரல் கட்டுப்பாட்டை அவ்வளவு அழகாகப் பயன்படுத்திய கேமை இன்று புதிதாக வருபவர் வாங்க முடியாது என்பது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம்.

மூன்றாவது, குறுக்கீடு. நடுவில் அழைப்பு வரும். ஓரத்திலிருந்து விரல் இழுத்தால் கேமிலிருந்து வெளியே வந்துவிடும். ஐபோனில் கைடட் ஆக்சஸ், பல ஆண்ட்ராய்டு போன்களில் கேம் மோட் இதைத் தடுக்கும். ஆடும் முன் போட்டுவிடுங்கள்.

இதுவே சிறந்தது எப்போது: ஆடும் நேரம் துண்டு துண்டாகக் கிடைக்கிறது, புதிர், சீட்டு, உத்தி வகை கேம்கள் பிடிக்கும், ஒரு கையில் பை, ஒரு கையில் போன். இந்த நிலையில் வேறு எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம்.

## வழி 2: போனில் மாட்டும் கன்ட்ரோலர்

இதில் இரண்டு வகை. ஒன்று, போனை நடுவில் வைத்து இருபுறமும் பிடிக்கும் வகை. பேக்போன், ரேசர் கிஷி மாதிரி. யுஎஸ்பி-சி துளையில் நேராகச் செருகிக்கொள்வதால் தாமதம் மிகக் குறைவு, தனியாகச் சார்ஜ் போடவும் வேண்டாம். இன்னொன்று, புளூடூத் கன்ட்ரோலர். வீட்டில் பிளேஸ்டேஷன் அல்லது எக்ஸ்பாக்ஸ் இருந்தால் இது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 2019-இல் ஐஓஎஸ் 13 வந்ததிலிருந்து ஐபோனிலும் அவை இணைகின்றன, ஆண்ட்ராய்டிலும் பிரச்சினையில்லை. ஒரு கிளிப் மட்டும் வாங்கினால் போதும். புதிதாக எதையும் வாங்கும் முன் இதை முயன்று பாருங்கள்.

மாட்டியவுடன் தெரியும் மாற்றம், விரல் பட்டன்மேல் சும்மா படுத்திருக்க முடிகிறது என்பது. தோள் இறங்குகிறது, கை தளர்கிறது. திரை முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கிறது. பலரும் எதிர்பார்க்காத இன்னொரு நன்மை: சூடாகும் போனின் முதுகு கையில் படுவதில்லை. சூடு ஏறினால் போன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃபிரேம் விழும். வெறும் கையில் பிடிக்கும்போது நம் உள்ளங்கையும் அந்தச் சூட்டை அடைத்து வைக்கிறது. கன்ட்ரோலரில் போன் கொஞ்சம் மூச்சுவிடுகிறது.

டெட் செல்ஸ் இதற்கு நல்ல உதாரணம். விரலால் ஆடுபவர்களுக்காக அதில் தானாக வெட்டும் வசதியையும் நகர்த்தக்கூடிய பட்டன்களையும் கொடுத்திருக்கிறார்கள். மனமுவந்து செய்த வேலை, ஆரம்பக் கட்டங்களுக்குப் போதும். ஆனால் உருண்டு தப்பி, திரும்பி, வெட்டி, மறுபடி உருள வேண்டிய கட்டம் வரும்போது கண்ணாடியில் விரல் பின்தங்கிவிடுகிறது. அதே போன், அதே கேம், கன்ட்ரோலர் மட்டும் மாறினால் வேறு கேம் ஆடுவது போலிருக்கும். ஸ்டார்டியூ வேலிக்கு அப்படியில்லை. போகும் இடத்தைத் தட்டினால் ஆள் நடந்து போய்விடுவான். செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தட்டினால் போதும். அதில் கன்ட்ரோலர் ஆடம்பரம்தான்.

சரி, சிக்கல் எங்கே? எல்லாக் கேமும் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. கால் ஆஃப் டியூட்டி மொபைல் ஏற்கிறது, கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களைத் தங்களுக்குள் மோதவும் விடுகிறது. பப்ஜி மொபைல் அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. கென்ஷின் இம்பாக்டில் ஐபோன்காரர்களுக்கு 2021-இலேயே கிடைத்த வசதி ஆண்ட்ராய்டுக்கு வர வெகுகாலம் பிடித்தது. பட்டனை டச்சாக மாற்றித் தரும் செயலிகள் உண்டு. போட்டி கேம்களில் அவற்றைப் பயன்படுத்தினால் கணக்கு முடக்கப்படும் ஆபத்து இருக்கிறது. வருடக்கணக்கில் வளர்த்த கணக்கை இதற்காகப் பணயம் வைக்க வேண்டாம். அப்படிப்பட்ட கேம்தான் உங்கள் கேம் என்றால், போனின் மேல் விளிம்பில் மாட்டும் சிறிய ட்ரிகர்களைப் பாருங்கள். அவை எந்த மென்பொருளும் இல்லாமல் உங்கள் ஆள்காட்டி விரலுக்குப் பதிலாகக் கண்ணாடியைத் தொடுபவை, விலையும் மிகக் குறைவு. ஆனால் சில கேம்களின் போட்டி விதிகள் இதையும் அனுமதிப்பதில்லை, படித்துவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம், பல மாடல்களில் உறையோடு போன் உள்ளே போகாது. ஒவ்வொரு முறையும் உறையைக் கழற்றி மாட்ட வேண்டும். கேமரா மேடு பெரிதாக இருந்தால் சரியாக உட்காராது. போனை மாற்றினால் கன்ட்ரோலரும் மாற வேண்டி வரலாம்: 2023-இல் ஐபோன் 15 யுஎஸ்பி-சிக்கு மாறியபோது லைட்னிங் முனை கொண்ட கன்ட்ரோலர் வைத்திருந்தவர்கள் இதை அனுபவித்தார்கள். மாட்டிய பிறகு அது பாக்கெட்டில் போகும் பொருளும் இல்லை. பையில் ஒரு தனி இடம் வேண்டும்.

இதுவே சிறந்தது எப்போது: நல்ல போன் இருக்கிறது, ஓட்டம், சண்டை, பந்தய வகை கேம்கள் பிடிக்கும், நீங்கள் ஆடும் இரண்டு மூன்று கேம்கள் கன்ட்ரோலரை ஏற்கின்றன என்று உறுதியாகத் தெரியும்.

## வழி 3: தனிக் கையடக்கக் கருவி

2017-இல் நின்டெண்டோ ஸ்விட்ச், 2022-இல் ஸ்டீம் டெக். இவை வந்த பிறகு “போன் போதாது” என்பவர்களுக்கு நேரான பதில் கிடைத்துவிட்டது. பட்டன் இருக்கிறது, கேம்கள் அந்தப் பட்டனுக்காகவே செய்யப்பட்டவை, அழைப்பு வந்து கெடுக்காது, போனின் பேட்டரி போனுக்கே மிஞ்சும். பொத்தானைத் தட்டினால் தூங்கும், மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து எழும். போனில் வேறு நாலு செயலிகளைத் திறந்துவிட்டு வந்தால் கேம் முதலிலிருந்து தொடங்கும் எரிச்சல் இங்கே கிடையாது.

எடையைக் கவனியுங்கள். ஸ்விட்ச் லைட் 275 கிராம், படுத்துக்கொண்டே ஆடலாம். முதல் ஸ்டீம் டெக் 669 கிராம். மடியிலோ தலையணையிலோ முட்டுக் கொடுக்காமல் அரை மணிக்கு மேல் தாங்காது. அந்த முதல் டெக்கின் பேட்டரி 2 முதல் 8 மணி நேரம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். கனமான கேம் என்றால் அந்த 2-ஐத்தான் நம்ப வேண்டும்.

ஸ்டீம் டெக் விண்டோஸில் அல்ல, லினக்ஸில் ஓடுகிறது. கணினிக்காக ஸ்டீம் கடையில் நீங்கள் ஏற்கெனவே வாங்கிய கேம்கள் அப்படியே கிடைப்பது பெரிய லாபம், தள்ளுபடியில் சல்லிசாகவும் வாங்கலாம். ஆனால் ஃபோர்ட்நைட், வாலரன்ட் போல ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கடுமையாக உள்ள சில போட்டி கேம்கள் அதில் ஓடாது. ஸ்விட்சில் கேம்கள் விலை இறங்குவது அபூர்வம். நின்டெண்டோவின் சொந்தக் கேம்கள் பல வருடம் ஆனாலும் கிட்டத்தட்ட முழு விலையில்தான் நிற்கும். அதன் பக்கவாட்டுக் கன்ட்ரோலர்களான ஜாய்-கான்களில் விரல் படாமலேயே ஜாய்ஸ்டிக் தானாக நகரும் கோளாறு ஊரறிந்தது, 2020-இல் அந்நிறுவனத் தலைவரே வருத்தம் தெரிவித்தார்.

பொருள் விலையைவிடப் பெரிய மறைசெலவு ஒன்று உண்டு: நேரம். இந்தக் கருவிகளுக்கான கேம்கள் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தைக் கேட்பவை. ஸ்டார்டியூ வேலியையே பாருங்கள். மற்ற கருவிகளில் கேமுக்குள் நாள் முடிந்து தூங்கப் போனால்தான் சேவ் ஆகும். போன் பதிப்பில் நடுவிலேயே மூடிவிட்டுப் போகலாம். தனிக் கருவி வாங்கியவர்கள் அதைச் சார்ஜ் போட மறந்து அலமாரியில் வைத்திருப்பதும், பழையபடி போனிலேயே ஆடுவதும் நடக்கிறது. அவர்களுக்கு இல்லாமல் போனது நேரம்தான், அதைக் கருவியால் வாங்க முடியாது.

இதுவே சிறந்தது எப்போது: தொடர்ந்து ஒரு மணி நேரம் உங்களுக்கென்று கிடைக்கிறது, கதையோடு நீளமாகப் போகும் கேம்கள் வேண்டும், போன் பழையதாகி எப்படியும் கனமான கேம் ஓடாது. குழந்தைகளுக்கு என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். வாங்கிய கேம் அதோடு முடிகிறது, பரிசுப் பெட்டி கண்ணைப் பறிப்பது குறைவு, வீட்டாரின் போனும் தப்பிக்கும்.

## வழி 4: இணையம் வழியாக

கேம் வேறெங்கோ ஒரு கணினியில் ஓடும், படம் மட்டும் உங்கள் போனுக்கு வரும். ஜிஃபோர்ஸ் நவ், எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் இந்த வகை. வீட்டிலுள்ள பிளேஸ்டேஷனையோ கணினியையோ போனில் ஆடும் ரிமோட் பிளேயும் இதேதான்.

கேட்கும்போது நான்கிலும் மலிவாகத் தெரியும். கணக்குப் போடுங்கள்: நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் படம் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி. மொபைல் டேட்டாவில் இது தாங்காது. வேகம் மட்டும் இருந்தால் போதாது, சீராகவும் இருக்க வேண்டும். திரைப்படம் பார்க்கும்போது முன்கூட்டியே சேர்த்து வைத்துச் சமாளிக்கலாம், கேமில் அடுத்து நீங்கள் என்ன அழுத்துவீர்கள் என்று யாருக்கும் தெரியாது. மேலும் இவை பெரிய திரைக்காகச் செய்த கேம்கள். எழுத்துகள் போனில் எறும்பு வரிசையாகத் தெரியும். சில கேம்களுக்கு மட்டும் திரையில் தொடு பட்டன்கள் கிடைக்கும், மற்றவற்றுக்குக் கன்ட்ரோலர் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிலைப்பைப் பொறுத்தவரை, இதே வகைச் சேவையான கூகுள் ஸ்டேடியா 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அடுத்தவர் தருவாரா என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை.

இதுவே சிறந்தது எப்போது: வீட்டில் கன்சோல் இருக்கிறது, டிவி வேறு யார் கையிலோ இருக்கிறது, வைஃபை நன்றாக இருக்கிறது. அப்போது ரிமோட் பிளே இலவசமாகக் கிடைக்கும் சந்தோஷம். அதற்காகவே மாதச் சந்தா கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | வெறும் விரல் | கன்ட்ரோலர் | தனிக் கருவி | இணையம் வழி |
|---|---|---|---|---|
| கட்டுப்பாடு | விரலுக்கான கேமில் அருமை, மற்றதில் சிரமம் | மிக நன்று, கேம் ஏற்றால் | மிக நன்று | நன்று, தாமதம் இருக்கும் |
| திரை | விரல் மறைக்கும் | முழுதும் தெரியும் | முழுதும், பெரிதாக | எழுத்து சிறிது |
| தொடங்க | உடனே | எடுத்து மாட்ட வேண்டும் | பையில் இருந்தால் உடனே | இணைப்பைப் பொறுத்து |
| போன் பேட்டரி | கரையும் | கரையும் | மிஞ்சும் | மிதமாகக் கரையும் |
| மறைசெலவு | சொட்டுச் செலவு, விளம்பரம் | போன் மாறினால் மறுபடி | கேம் விலை, நேரம் | டேட்டா, சந்தா, கன்ட்ரோலர் |
| நிலைப்பு | அப்டேட்டைப் பொறுத்தது | கேம் போனோடு, கன்ட்ரோலர் துளையோடு | நீண்ட நாள் | நிறுவனம் இருக்கும்வரை |

## எந்த வரிசையில் போவது

முதல் படி இலவசம். இப்போது எரிச்சலூட்டும் கேமை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு, விரலுக்காகவே செய்த கேம் இரண்டை ஆடுங்கள். எரிச்சல் அடங்கிவிட்டால் உங்களுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அந்த ஒரே கேம்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் பட்டன் அமைப்பையும் ஜைரோவையும் சரிசெய்யுங்கள். அதுவும் போதவில்லை என்றால் வீட்டிலோ நண்பரிடமோ உள்ள புளூடூத் கன்ட்ரோலரை இணைத்துப் பாருங்கள். அது கைக்கு இதமாக இருந்தால் மட்டும் மாட்டும் வகையை வாங்குங்கள். தனிக் கருவிக்குப் பணம் எடுக்கும் முன், கடந்த மாதத்தில் எத்தனை நாள் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினீர்கள் என்று போனின் திரைநேரக் கணக்கைத் திறந்து பாருங்கள். நினைவைவிட அந்தக் கணக்கு நேர்மையானது.

மாட்டும் கன்ட்ரோலர் என்று முடிவானால் வாங்கிய அன்றே, திருப்பித் தரும் கெடு இருக்கும்போதே, சிலவற்றைச் சோதித்துவிடுங்கள். உறையோடும் உறையில்லாமலும் போனை வைத்துப் பாருங்கள், கேமரா மேடு இடிக்கிறதா? கன்ட்ரோலரில் உள்ள சார்ஜ் துளையில் கேபிளைச் செருகினால் போனுக்கு மின்சாரம் போகிறதா? ஆடிக்கொண்டே சார்ஜ் போடுவது சூட்டை ஏற்றும். உங்கள் போனில் பேட்டரியைத் தாண்டி நேராக மின்சாரம் எடுக்கும் பைபாஸ் வசதி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள், இருந்தால் ஆடும்போது அதைப் போட்டு வையுங்கள். இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் முழு வட்டமாகச் சுழற்றி, விட்டவுடன் நடுவில் வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, நீங்கள் தினமும் ஆடும் கேமைத் திறந்து, விரலை எடுத்துவிட்டுப் பட்டனால் மட்டும் மெனு முழுவதும் போய் வாருங்கள். சண்டையில் கன்ட்ரோலரை ஏற்று மெனுவில் மட்டும் திரையைத் தொடச் சொல்லும் கேம்கள் இருக்கின்றன. அது உங்களால் பொறுத்துக்கொள்ள முடிகிறதா என்பது அன்றே தெரிந்துவிடும்.